மே நாள் பிறந்த நாட்டில் தொழிற்சங்கம் மெலிந்தது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: மே நாளுக்கு வித்திட்ட நாடு அமெரிக்கா, ஆனால் அங்கே மே 1 விடுமுறை இல்லை, தொழிலாளர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே சங்கத்தில் இருக்கிறார். அப்படியானால் அமெரிக்கத் தொழிலாளர்கள் போராடவே இல்லையா, அல்லது போராட வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லையா?

இரண்டுமே இல்லை. தொழில்வளம் பெற்ற நாடுகளில் இவ்வளவு துப்பாக்கிச் சூட்டையும் தூக்குமேடையையும் கண்ட தொழிலாளர் வரலாறு அரிது. சங்கங்கள் மெலிந்த காரணத்தை ஆலை வாசலில் தேடுவதைவிட நீதிமன்ற வாசலில் தேடினால் தெளிவு கிடைக்கும் என்பது என் கருத்து. அடிமையாக இல்லாத தனி ஒரு தொழிலாளி 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்வதை அமெரிக்கச் சட்டம் பொதுவாகத் தடுத்ததில்லை. பத்துப் பேர் சேர்ந்து அதையே சொன்னால் அதற்கு என்ன பெயர் என்பதில்தான் இருநூறு ஆண்டு வழக்கு நடக்கிறது.

அந்த வழக்கின் முதல் ஏடு 1806இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டது. காலணி தைக்கும் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள். கூலியை உயர்த்தும் நோக்கத்தோடு கூடியதே சதிக்குற்றம் என்று எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டு, ஆளுக்கு 8 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபிலிருந்து வந்த கோட்பாடு இது. அதே மரபு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சென்னைக்கும் வந்தது: 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியா மீது பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றதும், அந்த அதிர்ச்சி 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலியதும் நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தியாவில் சதி என்ற பழியைச் சட்டமன்றம் துடைத்தது. அமெரிக்காவில் அதை முதலில் துடைத்தவர் ஒரு நீதிபதி. 1842இல் பாஸ்டன் காலணித் தொழிலாளர் வழக்கில் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, கூடுவது மட்டுமே குற்றமாகாது, கூடியவர்களின் நோக்கமும் அவர்கள் கையாளும் வழியும் குற்றமா என்றே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்புதான். ஆனால் நோக்கம் நல்லதா, வழி சரியா என்று எடைபோடும் தராசு நீதிபதிகளின் கையிலேயே தங்கிவிட்டது.

இதற்கிடையில் ஆலைகள் வந்துவிட்டன. மாசசூசெட்ஸின் லோவெல் நகரப் பருத்தி ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துப் பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள். நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேர வேலை. தங்குவதற்குக் கம்பெனி விடுதி. 1834இல் கூலிக் குறைப்பை எதிர்த்தும் 1836இல் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்தும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1845இல் சாரா பேக்லியின் தலைமையில் பத்து மணி நேர வேலை கேட்டு மாநிலச் சட்டமன்றத்தில் மனுக் கொடுத்து, நேரில் போய்ச் சாட்சியமும் சொன்னார்கள். வாக்குரிமையே இல்லாத பெண்கள் அவர்கள். சட்டமன்றம் கைவிரித்தது, பெண்களுக்கான பத்து மணி நேரச் சட்டம் அந்த மாநிலத்தில் வர 1874 ஆயிற்று.

எட்டு மணி நேர இயக்கத்தின் கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கிச் சொல்கிறேன். 1886 மே 1 முதல் எட்டு மணி நேரமே ஒரு நாள் வேலை என்று தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்று 1884இலேயே தீர்மானித்திருந்தது. குறித்த நாளில் பல நகரங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 3 அன்று சிகாகோவில் மெக்கார்மிக் அறுவடை இயந்திர ஆலையின் முன் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கண்டனக் கூட்டம். நகர மேயரே வந்து பார்த்துவிட்டு, அமைதியாக நடக்கிறது என்று வீடு திரும்பியிருந்தார். மழை வரும்போல் இருந்ததால் கூட்டமும் கலைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் போலீஸ் படை வந்து நிற்க, யாரோ ஒரு குண்டை வீசினார்கள். யார் என்பது இன்றுவரை தெரியாது. ஏழு போலீஸ்காரர்களும் பொதுமக்கள் சிலரும் இறந்தனர். குண்டு வீசியதாக யார் மீதும் நிரூபிக்கப்படாமலேயே எட்டுப் பேருக்குத் தண்டனை வழங்கப்பட்டது. 1887 நவம்பர் 11 அன்று பார்சன்ஸ், ஸ்பீஸ், பிஷர், எங்கல் ஆகிய நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். லிங் என்ற இளைஞர் அதற்கு முந்தைய நாள் சிறையில் இறந்தார். மீதி மூவரை 1893இல் இல்லினாய்ஸ் ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுவித்தார், வழக்கு நியாயமாக நடக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியும் வைத்தார்.

1889இல் பாரீசில் கூடிய சோசலிச மாநாடு மே 1ஐ உலகத் தொழிலாளர் நாளாக அறிவித்தது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923இல் அதைக் கொண்டாடினார். அமெரிக்க அரசு வேறு நாளைத் தேர்ந்தெடுத்தது. நியூயார்க் தொழிலாளர்கள் 1882 முதல் செப்டம்பரில் ஊர்வலம் நடத்திவந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு, 1894 ஜூன் 28 அன்று அதிபர் குரோவர் கிளீவ்லாந்து செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையைத் தொழிலாளர் விடுமுறையாக்கினார். மே 1 பின்னர், 1958இல், நாட்டுப்பற்று உறுதி நாளாக மாற்றப்பட்டது. தேதியை மட்டும் மாற்றவில்லை, நினைவையே மாற்றினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

கிளீவ்லாந்து கையெழுத்திட்ட அதே வாரத்தில் நடந்ததுதான் இந்த வரலாற்றின் திருப்பம். சிகாகோவுக்கு அருகே ரயில் பெட்டிகள் செய்த ஜார்ஜ் புல்மன், தொழிலாளர்களுக்கென ஓர் ஊரையே கட்டியிருந்தார். வீடு, கடை, நூலகம் எல்லாம் கம்பெனியுடையவை. 1893இன் பொருளாதார மந்தத்தில் கூலியைக் கால் பங்கு அளவுக்குக் குறைத்தவர் வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை; வாடகை கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே சங்கம் ஆதரவாக, புல்மன் பெட்டி இணைத்த எந்த ரயிலையும் தொடமாட்டோம் என்று அறிவித்தது. சிகாகோவுக்கு மேற்கே ரயில் போக்குவரத்து ஏறத்தாழ நின்றது. முன்பு ரயில்வே கம்பெனிகளின் வழக்கறிஞராக இருந்தவரும் அப்போது மத்திய அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக (அட்டர்னி ஜெனரல்) இருந்தவருமான ரிச்சர்ட் ஆல்னி, தபால் தடைபடுகிறது என்ற காரணம் காட்டி நீதிமன்றத் தடையாணை பெற்றார். ஆளுநர் ஆல்ட்கெல்ட் எதிர்த்தும் மத்திய அரசின் ராணுவம் சிகாகோவில் இறங்கியது. டெப்ஸ் ஆறு மாதம் சிறை சென்றார். 1895இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைச் சரி என்றது.

தடையாணையின் வலிமையைப் புரிந்துகொள்ள வேண்டும். குற்ற வழக்கென்றால் ஜூரி உண்டு. சக மனிதர்கள் பன்னிரண்டு பேர் தொழிலாளியின் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். தடையாணையை மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பு. ஆணையிட்ட நீதிபதியே விசாரித்துச் சிறைக்கு அனுப்பலாம். அதனால் 1806இன் சதி வழக்குக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. பெருமுதலாளிகளின் ஏகபோகத்தை உடைக்க என்று சொல்லி 1890இல் இயற்றப்பட்ட ஷெர்மன் சட்டமும் சங்கங்களின் மேல் பாய்ந்தது. கனெக்டிகட்டின் டேன்பரி நகரில் தொப்பித் தொழிலாளர்கள் ஒரு கம்பெனியின் தொப்பியை வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்ததை, வணிகத்துக்கு இடையூறு என்று 1908இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. சங்க உறுப்பினர்களின் வீடும் சேமிப்பும் நஷ்டஈட்டுக்காகப் பிணைக்கப்பட்டன. சட்டமன்றங்கள் நல்லது செய்ய முனைந்தாலும் நீதிமன்றம் விட்டுவிடவில்லை. பேக்கரித் தொழிலாளிக்கு வாரம் 60 மணி நேரம் என்று நியூயார்க் மாநிலம் விதித்த வரம்பை 1905இல் லாக்னர் வழக்கில் அது ரத்துச் செய்தது. வாரம் அறுபது மணிக்கு மேல் அடுப்படியில் வேகும் 'ஒப்பந்தச் சுதந்திரம்' அந்தத் தொழிலாளிக்கு இருக்கிறதாம்.

நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தவை இதைவிடக் கொடியவை. 1892இல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் பிங்கர்ட்டன் நிறுவனத்தின் கூலிப்படை ஆற்றின் வழியே படகில் வந்திறங்கிச் சண்டையிட்டது. 1914 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் லட்லோவில், கம்பெனி வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரக் குடியிருப்பு சுடப்பட்டுக் கொளுத்தப்பட்டது. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத்திணறி மாண்டார்கள்.

ஆனால் சட்டத்தின் போக்கை மாற்றியது 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் நடந்த தீ விபத்து என்றே நினைக்கிறேன். டிரையாங்கிள் சட்டைக் கம்பெனி பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் இயங்கியது. தையல் இயந்திரங்களின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம்பெண்கள். அவர்களில் பலர் 1909இல் கிளாரா லெம்லிக் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் பேச்சைக் கேட்டு எழுந்த இருபதாயிரம் பேர் வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள். பல கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டன, டிரையாங்கிள் சங்கத்தை ஏற்கவில்லை. துணி திருடிவிடுவார்கள் என்று வெளியேறும் கதவு ஒன்று பூட்டியே வைக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. தீயணைப்பு ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. வெளிப்புறத் தீப்படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. சில நிமிடங்களுக்குள் 146 பேர் இறந்தார்கள், பலர் சன்னலிலிருந்து குதித்து. உரிமையாளர்கள் இருவர் மீதும் கொலைப்பழி வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று ஜூரி விடுதலை செய்தது.

அன்று தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவர்களில் பிரான்சிஸ் பெர்கின்ஸ் ஒருவர். அதன்பின் நியூயார்க் மாநிலம் அமைத்த தொழிற்சாலை விசாரணைக் குழுவின் தலைவர் ராபர்ட் வாக்னர். பெர்கின்ஸ் அந்தக் குழுவின் விசாரணையில் பணியாற்றினார். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1933இல் ரூஸ்வெல்ட் அமைச்சரவையில் பெர்கின்ஸ் தொழிலாளர் துறைச் செயலரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். வாக்னர் செனட்டராகி, 1935 ஜூலையில் தம் பெயர் தாங்கிய சட்டத்தைக் கொண்டுவந்தார். கூடுவதும், சங்கம் அமைப்பதும், கூட்டாகப் பேரம் பேசுவதும் உரிமை என்றது அச்சட்டம். அதற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வது தவறு என்றது. பெரும்பான்மையினர் எந்தச் சங்கத்தை விரும்புகிறார்கள் என்று வாக்கெடுப்பு நடத்த ஒரு தேசிய வாரியத்தையும் உண்டாக்கியது. சதி என்று தொடங்கியது 129 ஆண்டுகளில் உரிமை ஆயிற்று.

சட்டம் ஏட்டில் வந்ததே தவிர, உச்ச நீதிமன்றம் இதையும் ரத்துச் செய்துவிடும் என்று பல கம்பெனிகள் காத்திருந்தன. அந்தக் காத்திருப்பை உடைத்தவர்கள் மிச்சிகனின் ஃபிளின்ட் நகர ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள். 1936 டிசம்பர் 30 அன்று அவர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே நின்று மறியல் செய்தால் கருங்காலிகளை வைத்து ஆலையை ஓட்டலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவரை அப்புறப்படுத்தினால் இயந்திரமும் சேதமாகும். உள்ளிருப்பு வேலைநிறுத்தத்தின் சூட்சுமம் அது. நிர்வாகம் குளிர்காலத்தில் வெப்பத்தை நிறுத்தியது; போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது; தொழிலாளர்கள் தண்ணீர்க் குழாயையும் கார்க் கதவின் கீல்களையும் ஆயுதமாக்கித் திருப்பி விரட்டினார்கள். வெளியிலிருந்து சோறு கொடுத்தவர்களும், போலீசுக்கு முன் வரிசையாக நின்றவர்களும் பெண்கள். ஆளுநர் பிராங்க் மர்ஃபி காவற்படையை அழைத்தார், ஆனால் தொழிலாளர்களை வெளியேற்ற அதை ஏவவில்லை. ஆல்ட்கெல்டின் எதிர்ப்பை மீறி 1894இல் ராணுவம் இறங்கியதை எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு முடிவின் எடை புரியும். 44ஆம் நாள், 1937 பிப்ரவரி 11 அன்று, உலகின் மிகப் பெரிய கார்க் கம்பெனி சங்கத்தோடு கையெழுத்திட்டது. அடுத்த மாதமே அமெரிக்க எஃகுக் கழகமும் வழிக்கு வந்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வாக்னர் சட்டம் செல்லும் என்றது. 1938இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட், மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, குழந்தை உழைப்புக்குத் தடை ஆகியவற்றைக் கொண்ட நியாய உழைப்புத் தரச் சட்டம் வந்தது. வாரம் 40 மணி நேரம் 1940இல் நடைமுறையானது.

இந்த வெற்றிக்குள்ளேயே பின்னாளைய பலவீனமும் இருந்தது. வாக்னர் சட்டம் பண்ணைக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் விலக்கிவைத்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு இருந்த வேலைகளே பெரும்பாலும் இவை இரண்டும்தான். சங்கங்களையும் இதில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியாக வேண்டும். டெப்ஸின் ரயில்வே சங்கமே, அவர் எதிர்த்துப் பேசியும், கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்தது. 1882இல் சீனர் குடியேற்றத் தடைச் சட்டத்தைச் சங்கத் தலைவர்கள் வரவேற்றார்கள். வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே ஒற்றுமை பேசியவர்கள், வெளியே நின்றவர்கள் கருங்காலி வேலைக்குப் போனபோது அதிர்ச்சியடைந்தார்கள். புல்மன் தூங்கும் பெட்டிகளின் கறுப்பினப் பணியாளர்கள் 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தனிச் சங்கம் கண்டு, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் அதே புல்மன் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். அந்த ராண்டால்ஃப்தான் 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் பேரணிக்குத் தலைமை தாங்கினார். 'வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி' என்பதே அதன் முழுப் பெயர். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் சுடப்பட்டபோது மெம்ஃபிஸ் நகரத்தில் இருந்ததும் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காகத்தான். குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் இரண்டு தொழிலாளர்கள் சிக்கி இறந்ததிலிருந்து தொடங்கிய போராட்டம் அது. பண்ணைக் கூலிகளோ கலிஃபோர்னியாவின் டெலானோவில் 1965இல் பிலிப்பினோக்களும் மெக்சிகோ வழியினரும் சேர்ந்து தொடங்கிய திராட்சை வேலைநிறுத்தத்தால், ஐந்தாண்டுப் புறக்கணிப்புக்குப் பின் ஒப்பந்தம் பெற்றார்கள். வாக்னர் சட்டம் இல்லாததால் அந்தச் சட்டத்தின் தடைகளும் அவர்களுக்கு இல்லை என்பது ஒரு முரண்.

அந்தத் தடைகள் 1947இல் வந்தவை. அதிபர் ட்ரூமனின் மறுப்பாணையையும் மீறி நிறைவேறிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், ஒரு கம்பெனித் தொழிலாளர் இன்னொரு கம்பெனியைப் புறக்கணித்து ஆதரவு தருவதைத் தடைசெய்தது. டெப்ஸ் 1894இல் செய்தது போன்ற வேலை பெரும்பாலான தொழில்களில் இனிச் சட்டவிரோதம். சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தங்களை மாநிலங்கள் தடுக்கலாம் என்றும் அது சொன்னது. இப்படித் தடுத்த மாநிலச் சட்டங்களுக்கு 'வேலை செய்யும் உரிமை' என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். அவை எவருக்கும் வேலை தருவதில்லை. சங்கத்தின் பலனை அனுபவிப்பவர் சந்தா கொடுக்காமல் இருக்கலாம் என்பதே அவற்றின் பொருள். இன்று 26 மாநிலங்களில் இச்சட்டம் உண்டு. தென் மாநிலங்கள் அனைத்தும் அதில் அடக்கம். ஆலைகள் தெற்கே இடம்பெயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1950இல் ஜெனரல் மோட்டார்சோடு வால்டர் ரூதரின் மோட்டார்த் தொழிலாளர் சங்கம் செய்த ஐந்தாண்டு ஒப்பந்தம் ஓய்வூதியத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் தந்தது. ஒப்பந்தத்துக்குள் இருந்தவர்களுக்கு அது பொற்காலம். ஆனால் மருத்துவமும் முதுமைப் பாதுகாப்பும் குடிமகனின் உரிமையாக அமையாமல் கம்பெனியோடு கட்டப்பட்ட சலுகையாகின. வேலை போனால் காப்பீடும் போகும் என்ற இன்றைய அமெரிக்க நிலை இங்கேதான் வேர்பிடித்தது. 1950களின் நடுவில் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார், அதுவே உச்சம்.

அதன்பின் வந்த சரிவுக்கு இயந்திரமயமும் வெளிநாட்டுப் போட்டியும் காரணம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1938இலேயே உச்ச நீதிமன்றம், கூலிக்காக வேலைநிறுத்தம் செய்பவரை வேலைநீக்கம் செய்யக்கூடாது, ஆனால் அவர் இடத்தில் வேறொருவரை நிரந்தரமாக அமர்த்தலாம் என்று சொல்லியிருந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வீட்டில் உலை வைக்கும் பெண்ணுக்கு விளங்காது. வழக்கறிஞருக்கு மட்டுமே விளங்கும். பல ஆண்டுகள் முதலாளிகள் அதை அதிகம் பயன்படுத்தவில்லை. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு 48 மணி நேரக் கெடு விதித்து, திரும்பாத பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரை அதிபர் ரீகன் வேலையிலிருந்து நீக்கினார். அவர்கள் அரசு ஊழியர்கள். வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை. ஆனாலும் நாட்டின் தலைவரே செய்ததைப் பார்த்த தனியார் முதலாளிகளின் கூச்சம் விலகியது. ஆட்களை மாற்றி அமர்த்துவது அதன்பின் வழக்கமாயிற்று.

சங்கம் அமைக்க முயன்றதற்காக ஒருவரைச் சட்டவிரோதமாக நீக்கினால் இன்றும் கம்பெனிக்கு அபராதம் கிடையாது. வழக்கு முடிந்ததும் நிலுவைச் சம்பளத்தைக் கொடுத்தால் போதும். அதிலும் இடைக்காலத்தில் அவர் வேறு இடத்தில் சம்பாதித்தது கழித்துக்கொள்ளப்படும். அதற்குள் வாக்கெடுப்பு முடிந்து, அச்சம் தன் வேலையைச் செய்திருக்கும். 2024இல் சங்கத்தில் இருந்தவர்கள் 9.9 சதவீதம், தனியார் துறையில் மட்டும் பார்த்தால் 5.9 சதவீதம். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது.

ஆகவே கேள்வியின் இரண்டாம் பகுதிக்கும் இதுவே விடை: தேவை குறையவில்லை, விருப்பமும் குறையவில்லை. 2021 டிசம்பரில் பஃபலோ நகர ஸ்டார்பக்ஸ் கடையில் தொடங்கி நூற்றுக்கணக்கான கடைகளில் சங்கம் வென்றது. 2022 ஏப்ரலில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள் வாக்கெடுப்பில் வென்றார்கள். 2024 முடிந்த பிறகும் அவர்கள் கையில் ஒப்பந்தம் இல்லை. 2023இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கம் மூன்று பெரிய கார்க் கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்து, ஒப்பந்தக் காலத்துக்குள் 25 சதவீத ஊதிய உயர்வு பெற்றது. அந்த வேகத்தில் தெற்கே போனார்கள். டென்னசியின் சட்டனூகா வோக்ஸ்வாகன் ஆலையில் 2014லும் 2019லும் தோற்ற சங்கம், 2024 ஏப்ரலில் மூன்றாம் முறை பெரும் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த மாதமே அலபாமாவின் மெர்சிடீஸ் ஆலையில் வாக்கெடுப்பு நடந்தது, அங்கே தோற்றது.